எல்லைக்கு ஓர் அடி முன்னால்

லேஅவுட் வரைபவனிடம் நிலத்துக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மனை விழும்?" என்பதுதான். தெரு எங்கே போய்ச் சேரும் என்று கேட்டவர்கள் அபூர்வம். மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், மாடம்பாக்கம் என்று சென்னையின் தெற்குப் புறநகரில் வயல்களை மனைகளாக வரைந்து கொடுப்பதே என் பிழைப்பு. யாரும் கேட்காத அந்த இரண்டாவது கேள்வியில்தான் ஒரு பகுதியின் தலையெழுத்து இருக்கிறது.

வேலை தொடங்குவது எஃப்.எம்.பி. எனும் புல அளவைப் படத்தில். ஒரு சர்வே எண்ணின் கற்கள், அளவெடுக்க இழுத்த ஜி லைன், அளவுகள் எல்லாம் அதில் இருக்கும். அதைக் கிராம வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால், ஏரிக்குக் கீழே நன்செய் நிலங்கள் பல இடங்களில் ஒடுங்கி நீண்டு கிடப்பது தெரியும். எல்லார் வயலுக்கும் தண்ணீர் பாய வேண்டும் என்பதால், அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது வாய்க்கால் ஓரம் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் வருகிற மாதிரி நீளவாட்டில் பிரித்துக்கொண்டார்கள். விவசாயத்துக்கு அது நியாயமான கணக்கு. அந்தத் துண்டு மனைப்பிரிவாகும்போது நடுவில் ஒரே ஒரு தெரு, இருபுறமும் மனை, கடைசியில் முட்டுச்சந்து. சில வருஷம் கழித்துப் பக்கத்துத் துண்டு வேறொரு புரோமோட்டர் கைக்கு வரும். அங்கேயும் அதே கதை. இரண்டு தெருவும் பக்கம் பக்கமாகவே ஓடும், சந்திக்காது. வாய்க்கால் பொறம்போக்கைத் தாண்டிப் போக வேண்டுமானால் சிறுபாலம் வேண்டும், அதற்குத் தனி அனுமதி வேண்டும். தன் மனைகள் விற்றுத் தீர்ந்தபின் அதற்காக யார் அலைவார்கள்?

1920களில் தி.நகரை வகுத்தபோது நடந்தது வேறு. பனகல் பார்க்கிலிருந்து தெருக்களைப் பிரித்துப் போட்டார்கள்; மனைகள் அந்தத் தெருக்களுக்கு அடங்கி வந்தன. வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய அண்ணா நகரிலும் அப்படித்தான். அவென்யூக்களும் மெயின் ரோடுகளும் முதலில், வீடுகள் பிறகு. மொத்த நிலமும் ஒரே கையில் இருந்ததால் அது முடிந்தது. புறநகரிலோ நிலம் நூறு கையில் இருக்கிறது. ஒவ்வொரு கையும் தன் சர்வே எண்ணோடு நின்றுவிடுகிறது.

ஆகவே என் தொழிலில் முக்கியமான இடம் லேஅவுட்டின் நுழைவாயில் அல்ல, பின் எல்லை. அங்கே தெருவை எல்லைவரை கொண்டுபோனால் ஒரு மனை குறையும். 30க்கு 40 என்றால் 1,200 சதுர அடி, அரை கிரவுண்டு. அதற்குத்தான் அத்தனை பேரமும். வரைபடத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி, பக்கத்து நிலத்துக்கு வழி விடச் சொன்னால் புரோமோட்டர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம் சொல்வார்: "ரோட்டை விடு சார், கடைசியில ஒரு அடி மட்டும் நம்ம பேர்ல நிக்கட்டும்."

அந்த ஓர் அடியைக் காகிதத்தில் தேட வேண்டும். 1:500 அளவில் அது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எல்லைக் கோட்டின் தடிமனிலேயே மறைந்துவிடும். தெருக்களை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கும் தானப் பத்திரத்தில் அது வராது. பக்கத்து நிலத்துக்காரர் நாளைக்கு இந்தத் தெருவில் வழி கேட்டால், அந்த ஓர் அடியைப் புரோமோட்டர் சொல்லும் விலைக்கு வாங்கியாக வேண்டும். என் மேசையில் வரைகிற படங்களில் தெரு எல்லைக் கல்லைத் தொட்டே நிற்கும். அதனால் என்னைவிட்டுப் போன வாடிக்கையாளர்கள் உண்டு.

முட்டுச்சந்தில் குடியிருப்பவர்களுக்கு அது பிடித்தும் இருக்கிறது. பிள்ளைகள் தெருவில் விளையாடலாம், கண்ட வண்டியும் வராது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாடியில் நின்றால் தெரிகிற பள்ளிக்கூடத்துக்கு வேளச்சேரி–தாம்பரம் சாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். தண்ணீர் லாரி உள்ளே வந்தால் ரிவர்ஸில்தான் வெளியே போகும். கொஞ்ச நாளில் எல்லைச் சுவரில் யாரோ நாலு செங்கலைப் பெயர்த்து ஆள் நுழைய வழி செய்துவிடுவார்கள். வரைபடத்தில் இல்லாத தெரு அது.

பிறகு இதைத் திருத்துவது லேசில் நடக்காது. 2016ல் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. 2017ல் அந்த மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் வந்தது. பட்டாவும் பதிவும் இல்லாமல் தவித்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் தெருக்கள் இருந்தது இருந்தபடியே வரன்முறையாயின. முட்டுச்சந்துக்கும் அரசு முத்திரை கிடைத்தது.

அமெரிக்கத் தெருக்களை ஆய்வு செய்த பாரிங்டன்-லீயும் மில்லார்ட்-பாலும், எத்தனை தெரு எத்தனை தெருவோடு சேருகிறது என்று கணக்கெடுத்து, அங்கே முட்டுச்சந்து மோகம் 1990களின் நடுவில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கியது என்று 2015ல் காட்டினார்கள். போக்கு மாறும். ஆனால் புதிதாகப் போடும் தெருவில்தான் மாறும். போட்ட தெரு தலைமுறைகளுக்கு அப்படியே கிடக்கும்.

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022ல் முடிவானது. அதில் பெரும்பகுதி இன்னும் வயலும் மானாவாரியும் கிராமமும்தான். அங்கேயாவது தெருவை முதலில் வகுக்கலாம். அகமதாபாத்தில் நகரத் திட்டம் என்ற பெயரில், நிலத்துக்காரர்கள் எல்லாரிடமும் ஒரு பங்கு வாங்கி, முதலில் தெருவை வகுத்து, மிச்சத்தை ஒழுங்கான மனைகளாகத் திருப்பித் தருகிறார்கள். தமிழ்நாட்டிலும் நிலத் தொகுப்புக்கு விதிகள் வந்துவிட்டன. அது பரவும்வரை, சின்ன வேலை ஒன்று எங்களைப் போன்றவர்கள் கையில் இருக்கிறது. பேனாவை எடுக்கும் முன் நான்கு எல்லைக்கும் அந்தப்புறம் நடந்து பார்ப்பது, அங்கே முட்டி நிற்கும் தெருவுக்கு நேரே நம் தெருவைத் திறப்பது. அப்படித் திறக்காமல், அரை கிரவுண்டை விட மனசில்லாத லேஅவுட்டுகளின் வண்டிகள் எல்லாம் ஒரே மெயின் ரோட்டில் வந்து இறங்கியதும் மேடவாக்கத்துக்கு மேம்பாலம் தேவைப்பட ஒரு காரணம். அதற்கான செலவு எந்தப் புரோமோட்டர் கணக்கிலும் ஏறவில்லை. மனை வாங்கியவர் கட்டும் வரியில் ஏறியது.