முயலுக்கு ஓர் இடம்

மாற்றல் ஆணை கைக்கு வந்ததும் நாங்கள் முதலில் விசாரிப்பது வீட்டைப் பற்றித்தான். தண்ணீர் தடையின்றி வருமா, பள்ளி அருகில் உள்ளதா, மாலை வெயில் தாக்குமா என்றெல்லாம் கேட்டறிந்த பிறகே பெட்டிகளைக் கட்டுவோம். நாகபுரிக்கு வந்தபோதும் அவ்வாறே செய்தோம். ஆனால், எங்கள் வீட்டுக்கு வந்த முயலுக்காக நான் அத்தகைய கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை.

எதிர்வீட்டுக் குடும்பத்தினர் மாற்றலாகிச் சென்றபோது, தாங்கள் வளர்த்த வெள்ளை முயலைக் கூண்டோடு எங்களிடம் ஒப்படைத்தனர். என் மகள் அதற்கு வெண்ணிலா என்று பெயரிட்டாள். உள்ளே வைத்தால் அறையெங்கும் முடி உதிருமே என்று எண்ணி, மேற்குப் பார்த்த பால்கனியில் கூண்டை வைத்தேன். காற்றோட்டமான இடம் என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன்.

கோடை பிறந்தது. நாகபுரியில் மே மாத வெப்பம் சில நாள்களில் 45 டிகிரி செல்சியசையும் தாண்டும். அத்தகைய ஒரு நாளில் பள்ளியிலிருந்து திரும்பியதும் பால்கனிக்கு ஓடிய மகள், "அம்மா, வெண்ணிலா எழுந்திருக்கவே இல்லை!" என்று அலறினாள். முயல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மூச்சு இரைத்தது; செவிகள் அனலாய்ச் சுட்டன. ஈரத்துணியால் செவிகளை நனைத்தபடியே கால்நடை மருத்துவரிடம் விரைந்தோம்.

சிகிச்சை அளித்த மருத்துவர், "கூண்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். நான் தலைகுனிந்தேன். முயலுக்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நீண்ட செவிகளின் வழியாகவே அது வெப்பத்தைப் பெரிதும் வெளியேற்றுகிறது என்று அவர் விளக்கினார். நாய், பூனைகளுக்கு உள்ளதுபோன்ற மெத்தென்ற பாதங்களும் அதற்கு இல்லை. எனவே, கம்பித் தளத்திலேயே நின்றால் கால்கள் புண்ணாகிவிடும் என்றும் எச்சரித்தார்.

வீடு திரும்பியதும் தாயும் மகளுமாக ஒவ்வோர் இடத்தையும் ஆராய்ந்தோம். சமையலறையில் தாளிக்கும் புகை. கூடத்தில் தொலைக்காட்சியின் இரைச்சல். சிறு ஓசைக்கும் அஞ்சும் உயிருக்கு அது ஆகாது. குளிர்விப்பானின் நேர் எதிரே ஈரக்காற்று ஓயாமல் வீசும். இறுதியில், வெயில் படாத வடக்கு அறையின் மூலையைத் தேர்ந்தெடுத்தோம். அங்கிருந்த என் புத்தக அலமாரியைக் கூடத்துக்கு மாற்றினோம்.

முயல் மூன்று நான்கு முறை தாவவும், பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கவும் போதிய இடம் விட்டுத் தடுப்பு அமைத்தோம். தரையில் கோணிப்பை விரித்து, அதன்மேல் உலர்புல் பரப்பினோம். வளையில் வாழும் இனமல்லவா? அச்சம் வந்தால் ஒளிந்துகொள்ள, இரு வாயில்கள் கொண்ட அட்டைப்பெட்டி ஒன்றை வைத்தோம். வாழ்நாள் முழுவதும் பற்கள் வளர்வதால் முயல் எதையும் கொறிக்கும். ஆகவே மின்கம்பிகளை எட்டாத உயரத்தில் கட்டினோம்.

இரண்டு நாள்கள் உணவைத் தொட மறுத்து, மருந்தால் மட்டுமே தேறிவந்த வெண்ணிலா, மூன்றாம் நாள் தானாகவே புல்லைக் கொறிக்கத் தொடங்கியது. அந்த மெல்லிய ஓசையைக் கேட்டு என் மகள் அழுதேவிட்டாள்.

மாணவர்களே, ஓர் உயிரை வளர்க்க விரும்பினால், நமக்கு வசதியான இடம் எது என்று பார்க்காதீர்கள். அதற்கு ஏற்ற இடம் நம் வீட்டில் உண்டா என்று முதலில் பாருங்கள். எனக்கு மீண்டும் மாற்றல் ஆணை வரும். அப்போது புது வீட்டைப் பற்றிக் கேட்க என்னிடம் இன்னொரு கேள்வியும் இருக்கும்: "வெயில் படாத மூலை ஒன்று இருக்கிறதா?"