சக்கரம் சுழலும் முன்: ஊவாத் தச்சுப்பட்டறைகளில் பட்டைவாள்

1886ஆம் ஆண்டில் இலங்கையின் தனி மாகாணமாக்கப்பட்ட ஊவாவில், பதுளை நகரிலும் அதனைச் சூழ்ந்த பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளிலும் மரவேலை என்பது தேயிலையை ஒட்டி வளர்ந்த தொழிலாகும். கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் வேண்டிய விறகுக்காகத் தோட்டங்கள் நட்ட யூக்கலிப்டஸ், தேயிலைக்கு நிழல் தருவதற்காக இடையிடையே நிறுத்தப்பட்ட, மலையகத்தில் சவுக்கு எனப்படும் கிரவில்லியா ஆகிய இரண்டுமே இங்குள்ள தச்சரின் கைக்கு எளிதில் வரும் மரங்கள். 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டிய மலைநாட்டில், யூக்கலிப்டஸ் பின்னர் தண்டவாளக் குறுக்குக் கட்டைகளாகவும் அறுக்கப்பட்டது. லயத்துக் கதவும் சன்னலும், கவ்வாத்துக் கத்தியின் பிடி, மண்வெட்டிக் கணை, தொட்டில் முதல் சவப்பெட்டி வரை தோட்டத்து ஆசாரியின் பொறுப்பாக இருந்த வேலைகளோடு, இன்று கட்டில், அலுமாரி, மேசை செய்யும் சிறு பட்டறைகளும் சேர்ந்துள்ளன; அத்தகைய பட்டறைகளில் வளைவு அறுக்கவும் தடித்த கட்டையைப் பலகையாகப் பிளக்கவும் பயன்படும் இயந்திரமே பட்டைவாள்.

ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரு சக்கரங்களின் மீது, இரு முனையும் இணைக்கப்பட்ட உருக்குப் பட்டை ஒன்று ஓயாது ஓடும்படி அமைந்த இவ்வாளுக்கு 1808இல் இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி காப்புரிமை பெற்றார். எனினும் வளைந்து வளைந்து ஓடும் பட்டையை அறுந்துபோகாதபடி இணைக்கும் வழி அன்று இல்லாமையால், 1846இல் பிரான்சில் ஆன் போலின் கிரேப்பென் என்ற பெண்மணி இணைப்பு முறையொன்றுக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே அது பட்டறைக்குள் நுழைந்தது. இணைப்பே இவ்வாளின் உயிர்நிலை என்பதைச் சுருளிலிருந்து பட்டையை வெட்டித் தாமே ஒட்டிக்கொள்ளும் தொழிலாளர் நன்கறிவர். 600 மில்லிமீற்றர் விட்டமுள்ள சக்கரங்களின் மையங்கள் 1,100 மில்லிமீற்றர் இடைவெளியில் இருந்தால், அவ்விடைவெளியின் இருமடங்கோடு ஒரு சக்கரத்தின் சுற்றளவைக் கூட்டிவரும் ஏறத்தாழ 4,085 மில்லிமீற்றரே பட்டையின் நீளமாகும். ஒட்டிய இடம் இரு பக்கமும் சமமாகத் தேய்க்கப்படாவிட்டால், அது வழிகாட்டிகளைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ‘டக், டக்’ என்று தட்டும். அவ்வோசை கேட்டவுடன் இயந்திரத்தை நிறுத்துவதே தேர்ந்த பாஸின், அதாவது தலைமைத் தச்சரின், வழக்கம்.

பட்டைவாளைப் பொருத்துதல் ஒரு வரிசைக்கு உட்பட்டது. அவ்வரிசையின் முதற்படி மின்சாரத்தைத் துண்டிப்பதாகும். ஆளியை அணைத்தல் மட்டும் போதாது. செருகியைக் கழற்றியோ பிரதான ஆளியைப் பூட்டியோ, வேறொருவர் தவறுதலாக இயக்க முடியாதபடி செய்தல் வேண்டும். அடுத்து, பட்டையை இருபுறமும் பின்புறமும் தாங்கி நிற்கும் வழிகாட்டிகளை நன்றாகப் பின்னுக்கு இழுத்து விட்டு, சக்கரங்களின் இறப்பர் உறையில் ஒட்டிய தூளையும் பிசினையும் சுரண்டி நீக்க வேண்டும். சுருட்டி வைத்த பட்டை விரியும்போது துள்ளித் தாக்கும் என்பதால், அதனைக் கையாளும் வேளையில் தடித்த கையுறையும் கண்ணாடியும் தேவை. மேசையைக் கடக்கும் இடத்தில் பற்கள் கீழ்நோக்கியும், அறுப்பவரை நோக்கியும் இருக்கும்படி பட்டை ஏற்றப்படுகிறது. அதன் தடிப்பு சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மிகாதிருத்தல் நலம் என்பது பொதுவிதி. அதன்படி 600 மில்லிமீற்றர் சக்கரத்துக்கு 0.6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பட்டை, ஓயாது வளைந்து நிமிர்வதால் விரைவில் வெடித்து அறும்.

இதன்பின் வருவது விறைப்பு. மேற்சக்கரத்தை உயர்த்தும் திருகைச் சுழற்றிப் பட்டையை இழுத்துக் கட்டும்போது, இயந்திரத்திலுள்ள அளவுகோலை மட்டும் நம்பாமல், பட்டையின் நடுப்பகுதியை விரலால் பக்கவாட்டில் அழுத்தி, அது ஏறத்தாழ 6 மில்லிமீற்றருக்கு மேல் விலகுகிறதா என்று பார்ப்பது பரவலான நடைமுறை. விறைப்பு குறைந்தால் பட்டை மரத்துக்குள் வயிறு தள்ளி வளைந்து அறுக்கும். மிகுந்தால் இணைப்பு அறுவதோடு சக்கரத்தின் பெயாரிங்கும் தேயும். விறைப்பு நிலைத்த பிறகே, மேற்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, அதன் சாய்வைத் திருத்திப் பட்டையைச் சக்கரத்தின் நடுவில் ஓடச் செய்யலாம். விறைப்பை மாற்றினால் ஓட்டமும் மாறும் என்பதால் இவ்விரண்டையும் இடம் மாற்றிச் செய்பவர் வேலையை இருமுறை செய்ய நேரிடும்.

வழிகாட்டிகளைக் கிட்டக் கொண்டுவருதல் கடைசியிலேயே நிகழ வேண்டும். பக்கத் தாங்கிகள் பட்டையைத் தொடாமல், ஒரு தாளின் தடிப்பளவு இடைவெளியில், பல்லிடைக் குழிகளுக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். முன்னுக்கு வந்தால் பல்லின் விரிவு, அதாவது வாள் சிக்காதிருக்க ஒன்றுவிட்டு ஒன்றாக இருபுறமும் வளைக்கப்பட்ட அமைப்பு, நசுங்கிவிடும். பின்தாங்கிக்கும் பட்டைக்கும் அரை மில்லிமீற்றர் அளவு இடைவெளி விடப்படுகிறது. பட்டை வெறுமனே ஓடும்போது பின்தாங்கி சுழலாமல், மரம் அழுத்தும்போது மட்டும் சுழல்வதே சரியான அமைவுக்கு அடையாளம். பின்னர் மூலைமட்டத்தை மேசைமேல் நிறுத்தி, பட்டை செங்குத்தாக உள்ளதா எனச் சோதித்து, சக்கரக் கதவுகளை மூடி, ஆளியை ஒருகணம் மட்டும் இட்டு அணைத்து ஓட்டத்தைப் பார்த்தால் பொருத்துதல் முடிவடையும்.

மரத்தின் குணத்தை அறியாமல் இவ்வொழுங்கு நிறைவு பெறாது. யூக்கலிப்டஸ் குற்றியின் வெளிப்பகுதி இழுவிசையிலும் நடுப்பகுதி அழுத்தத்திலும் வளர்வதால், அறுக்கத் தொடங்கியதும் அடக்கிவைத்த விசை விடுபட்டு, பலகை வளைவதோடு அறுவாய் மூடிக்கொண்டு ஓடும் வாளைக் கவ்வவும் கூடும். அப்போது மரத்தைப் பின்னுக்கு இழுத்தால் பட்டை சக்கரத்திலிருந்து கழன்றுவிடும். இயந்திரத்தை அணைத்து, அது முற்றாக நின்றபின் அறுவாயில் ஆப்பு வைத்து விரிப்பதே முறை. தடித்த கட்டைக்கு ஓர் அங்குலத்துக்கு மூன்று பற்கள் போன்ற பெரிய பல்லும், மெல்லிய பலகைக்கு எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது மரத்துக்குள் இருக்கும்படி சிறிய பல்லும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஊவாவின் ஈரம் இரும்பு மேசையைத் துருப்பிடிக்கச் செய்வதால் மெழுகு பூசுதலும், நாள்வேலை முடிந்ததும் பட்டையின் விறைப்பைத் தளர்த்தி விடுதலும், மறுநாள் மீண்டும் கட்டிச் சோதித்தலும் பராமரிப்பின் பகுதியாகும்.

600 மில்லிமீற்றர் சக்கரம் நிமிடத்துக்கு 700 முறை சுழன்றால், பட்டை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,320 மீற்றர், அதாவது செக்கனுக்கு 22 மீற்றர் ஓடும். வட்டவாளைப் போல மரத்தை ஆளின்மீது வீசி எறியாமையால் பட்டைவாள் சாதுவானது என்ற எண்ணம் தொழிலாளரிடையே உண்டு. ஆனால் அது மேலிருந்து கீழாக ஓயாது ஓடுவதால், அறுகோட்டுக்கு நேரே விரல் வைத்தவருக்குத் தப்ப நேரமில்லை. எனவே மேல் வழிகாட்டி மரத்துக்கு மேலே சுமார் 6 மில்லிமீற்றர் உயரத்துக்கு இறக்கப்பட்டு, வெறும் பல் வெளித்தெரியாதபடி மறைக்கப்பட வேண்டும். அறுப்பின் கடைசிப் பகுதியைத் தள்ளுகோலால் தள்ள வேண்டும். உருண்டைக் குற்றியை வாளின் இழுப்பில் உருளாதபடி தாங்கு கட்டையில் பிணைக்க வேண்டும். பட்டையை மாற்றும்போது அவசியமான கையுறை, இயந்திரம் ஓடும்போது நூல் சிக்கிக் கையையே இழுத்துச் செல்லக்கூடிய ஆபத்தாகும். மரத்தூளும் அற்பமானதன்று, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என வகைப்படுத்தியது.

சட்டம் இத்தொழிலைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அபாயகரமான இயந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டுமென்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் ஏற்படும் காயத்துக்கு முதலாளியைப் பொறுப்பாளியாக்குகிறது. ஆயினும் தானே முதலாளியாகவும் தொழிலாளியாகவும் இருந்து சிறு பட்டறை நடத்துபவருக்கு நட்டஈடு கோர எதிரில் எவரும் இல்லை. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, தொழிற்பயிற்சி அதிகாரசபை ஆகியன தச்சுப் பயிற்சி அளித்தாலும், தோட்டத்து இளைஞர் பலர் ஒரு பாஸின் அருகில் நின்று பார்த்தே இத்தொழிலைக் கற்கின்றனர். பாஸ் தவிர்த்த ஒரு படியைச் சீடனும் தவிர்ப்பான். வாளோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்க, வாளை இயக்குபவர் தமிழிலோ சிங்களத்திலோ படிப்பவராக இருக்கிறார். ஆதலால் மின்துண்டிப்பு, பட்டை ஏற்றல், விறைப்பு, ஓட்டம், வழிகாட்டி, மூலைமட்டம், கதவு என்ற வரிசையை இரு மொழிகளிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு பட்டைவாளின் கதவிலும் ஒட்டி வைப்பதைப் பயிற்சி நிலையங்களும், இயந்திரம் விற்போரும், பட்டறை உடைமையாளரும் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். ஒரு தாளும் சிறிது பசையும் தவிர அதற்கு வேறு செலவில்லை.