மைனஸ் 73 பாகையில் ஒரு சோதனை

கொஞ்சம் நீளமான பதிவு. இரும்பைப் பற்றியது. பிள்ளைகளின் புள்ளிகளைப் பற்றியதும்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

உயர்தர தொழினுட்பப் பிரிவில் உருக்கைப் பற்றிப் படிப்பிக்கும்போது முதலில் வருவது இழுவைச் சோதனை. ஒரு துண்டை இரண்டு பக்கமும் பிடித்து இழுப்போம். எந்த விசையில் அது மீளாமல் நீளத் தொடங்குகிறது, எந்த விசையில் அறுகிறது என்று பார்ப்போம். சாதாரண கட்டட உருக்குத் தகடு சதுர மில்லிமீற்றருக்கு 250 நியூற்றன் அளவில் நீளத் தொடங்கும். நீர்மூழ்கிக் கப்பலின் உடலுக்குப் போடும் எச்.வை. 80 என்ற வகை 550 வரை தாங்கும். பிள்ளைகள் இந்த இலக்கத்தைப் பார்த்தவுடன் "அப்ப இதுதான் நல்ல இரும்பு, சேர்" என்பார்கள்.

பலம் வேறு, உடையாமல் தாங்கும் குணம் வேறு. சட்டைப் பையில் கிடந்த டொபியை இழுத்தால் நீளும். அதையே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துத் தட்டினால் சில்லுச் சில்லாகப் போகும். டொபி மாறவில்லை, சூடுதான் மாறியது. சில உருக்கும் அப்படித்தான்.

இதை உலகம் விலை கொடுத்துத்தான் படித்தது. 1943 ஜனவரி 16 இரவு, அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் போட்லன்ட் நகரின் கப்பல் கட்டும் துறையில் 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் கட்டப்பட்டு நின்றது. சோதனைப் பயணம் அப்போதுதான் முடிந்திருந்தது. புயல் இல்லை, அலை இல்லை, நீர் அசையாமல் கிடந்தது. திடீரென்று பெரிய சத்தம். மேல்தளமும் இரண்டு பக்கச் சுவர்களும் பிளந்து, கப்பல் நடுவில் ஏறக்குறைய இரண்டாக முறிந்தது. காற்று உறைநிலைக்குக் கீழே இருந்த இரவு அது. அந்தக் காலத்தில் அவசர அவசரமாகக் கட்டிய வேறு பல கப்பல்களிலும் இதே மாதிரி வெடிப்புகள் வந்தன. முதலில் எல்லோரும் வெல்டிங்கைக் குறை சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த கொன்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண்மணிதான் உருக்கே குளிரில் நொறுங்கும் தன்மைக்கு மாறுகிறது என்று காட்டினார். வெல்டிங்குக்கும் பங்கு உண்டு. ஆணி அடித்துப் பொருத்திய தகடுகளில் வெடிப்பு ஓடினால் தகட்டின் விளிம்பில் நிற்க இடமுண்டு. ஒரே உடலாக உருக்கி ஒட்டிய கப்பலில் அது நிற்காமல் ஓடும்.

இதைப் பிடிக்கும் சோதனைக்கு ஷார்ப்பி சோதனை என்று பெயர். 55 மில்லிமீற்றர் நீளம், 10க்கு 10 தடிப்பு, நடுவில் 2 மில்லிமீற்றர் ஆழத்தில் ஒரு வெட்டு. துண்டைக் குறித்த வெப்பநிலைக்குக் குளிர்வித்து வைத்து, பாரமான ஊசலை விட்டு அடிப்பார்கள். முறிக்க எத்தனை யூல் சக்தி போனது என்று எழுதுவார்கள். எஸ்355 ஜே2 என்ற தகடு வாங்கினால், அந்த ஜே2 என்பதன் அர்த்தம் மைனஸ் 20 பாகையில் 27 யூலுக்குக் குறையக் கூடாது என்பது. (நமது ஊர் வெக்கைக்கு அது தேவையில்லை. ஸ்டீல் கூரை போடும் மண்டபக்காரர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் தகட்டில் அடித்திருக்கும் வார்ப்பு இலக்கமும் ஆலைச் சான்றிதழில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லாவிட்டால் அந்தக் கடதாசி வேறு ஏதோ இரும்பின் கடதாசி.)

இனி விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் டகோமா நகரில், பிராட்கென் என்ற கம்பெனிக்குச் சொந்தமான வார்ப்பாலை ஒன்று நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான உருக்கு வார்ப்புகளைச் செய்து கொடுத்தது. அதன் உலோகவியல் பணிப்பாளர் 1985 முதல் 2017 வரை குறைந்தது 240 வார்ப்புகளின் சோதனை முடிவுகளைப் பொய்யாக்கியிருந்தார். தோற்றவை சித்தியடைந்ததாக எழுதப்பட்டன. 2017இல் ஆய்வுகூட ஊழியர் ஒருவர் அட்டைகளில் இலக்கங்கள் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. 2022இல் பணிப்பாளருக்கு 30 மாதச் சிறையும் 50,000 டொலர் தண்டமும் கிடைத்தன. பணத்துக்காகச் செய்யவில்லை என்று அவரது தரப்பு சொன்னது. சில முடிவுகளை மாற்றியதற்கு அவர் சொன்ன காரணம்தான் நம்மைத் தூங்க விடவில்லை. மைனஸ் 73 பாகையில் சோதிக்கச் சொல்வது முட்டாள்தனம் என்று அவர் நினைத்தாராம்.

வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளையும் அதையேதான் கேட்டது. "மைனஸ் 73க்குக் கடல் எங்க சேர் இருக்கு?" நல்ல கேள்வி. கடல் நீர் மைனஸ் 2 பாகை அளவில் உறைந்துவிடும். ஆனால் உருக்குக்குக் குளிர் மட்டும் எதிரியல்ல, வேகமும் எதிரி. மெதுவாக வளைந்து கொடுக்கும் உருக்கு, வெடிகுண்டு அதிர்வு போன்ற திடீர் அடியில், குளிர்ந்ததைப் போல நடந்துகொள்ளும். ஆய்வுகூடத்தில் குண்டு வெடிக்க முடியாது. அதனால் குளிரைக் கூட்டிச் சோதிக்கிறார்கள். மேசையிலிருந்து பார்க்கும்போது அளவுமீறிய நிபந்தனை, கடலுக்கடியில் நூற்றுச் சொச்சம் பேருக்கு உயிர்.

அந்தக் கப்பல்களில் எதுவும் உடைந்ததாகச் சொல்லப்படவில்லை. 32 வருடம் பொய் எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அடுத்த இலக்கத்தை மாற்ற யாருக்குக் கை நடுங்கும்?

இதை ஏன் ஊர்ப் பக்கத்தில் எழுதுகிறோம்? தவணை முடிவில் ஆசிரியர்கள் நமது மேசைக்கும் இதே பேச்சு வரும். "செயன்முறைப் புள்ளிதானே சேர், எல்லாருக்கும் போடுறதுதானே, அதக் கேட்டு யாரு வரப்போறாங்க?" கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. பிள்ளை மீது பாசம். சிலர் நமக்கே படிப்பித்தவர்கள், அவர்களுக்கு மறுப்புச் சொல்வது லேசல்ல. ஆனால் அந்தப் புள்ளி வெறும் இலக்கமல்ல. இந்தப் பிள்ளை மல்ரிமீற்றரைப் பிடித்து அளந்திருக்கிறது, வெல்டிங் மூட்டைத் தட்டிப் பார்த்திருக்கிறது என்று நாம் கொடுக்கும் சாட்சி. பிறகு எங்கோ ஒரு வேலைத்தளத்தில் ஒருவர் அந்தச் சாட்சியை நம்பி ஏணியில் ஏறுவார். அமானிதம் என்று நாம் சொல்வது இதைத்தானே.

ஆகவே இம்முறை செய்யாத செயற்பாட்டுக்குப் புள்ளி கேட்டு யாரும் வர வேண்டாம். பிள்ளையை அனுப்புங்கள். தவறவிட்ட ஆறு செயற்பாடுகளையும் செய்ய வைத்தே புள்ளி போடுவோம். சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து லுஹர் வரை ஆய்வுகூடம் திறந்திருக்கும். பழைய சப்பாத்து போட்டு வரச் சொல்லுங்கள்.