33,000 டாலர் பேயும் அதன் மறுபிறவியும்

பேய்ப் படங்களைப் பற்றி ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை எழுதலாமா என்று பெற்றோர் சிலர் வியக்கக்கூடும். பகலில் நன்னெறிக்கல்வி கற்பிப்பவர் இரவில் பேயோடு பொழுது போக்குகிறாரே என்று சக ஆசிரியர்கள் என்னைக் கேலி செய்வதும் உண்டு. ஆனால் ஒரு கதையை எவ்வளவு சொல்ல வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி நம் தொழிலுக்கும் உரியது. அந்தக் கேள்விக்கு நான் கண்ட தெளிவான சான்றுகள், மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட சில அமெரிக்கப் பேய்ப் படங்களிலும், பின்னாளில் அவற்றை மீண்டும் எடுத்தவர்கள் அவற்றுக்குச் செய்த கோலத்திலும் இருக்கின்றன.

அவற்றுள் எனக்கு மிகவும் நெருக்கமான படம் 1962-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’. ‘ஆவிகளின் திருவிழா’ என்று தமிழில் சொல்லலாம். அதை இயக்கிய ஹெர்க் ஹார்வி ஒரு வகையில் நம் இனத்தைச் சேர்ந்தவர். கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் சென்ட்ரான் என்ற நிறுவனம் இருந்தது. பள்ளிகளுக்கான கல்விப் படங்களையும் தொழிலாளர்களுக்கான பயிற்சிப் படங்களையும் அது தயாரித்து வந்தது. அங்கே பணியாற்றிய ஹார்வி, மாணவர் ஒழுக்கம், வேலையிடப் பாதுகாப்பு போன்ற பொருள்களில் நூற்றுக்கணக்கான குறும்படங்களை எடுத்தவர். ஐயத்துக்கு இடமின்றி விளக்குவதும், முடிவில் ஒரு பாடத்தைச் சொல்லி முடிப்பதுமே அவருடைய அன்றாட வேலை.

ஒருமுறை அவர் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியின் வழியே காரில் சென்றபோது, கரையோரம் பாழடைந்து கிடந்த சால்டேர் கேளிக்கை மண்டபத்தைக் கண்டார். ஒரு காலத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து நடனமாடிய இடம். அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு அகலவில்லை. உடன் பணியாற்றிய ஜான் கிளிஃபோர்டிடம் சொல்லி ஒரு கதை எழுதச் செய்தார். உள்ளூர் வணிகர்களிடம் பணம் திரட்டினார். வேலையில் மூன்று வார விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு சிறு குழுவுடன் படப்பிடிப்பை முடித்தார். மொத்தச் செலவு ஏறக்குறைய 33,000 டாலர். படத்தில் வரும் வெளிறிய முகத்து ஆவியாக அவரே வெள்ளைப் பூச்சுப் பூசிக்கொண்டு நடித்தார்.

கதை எளிமையானது. மூன்று இளம்பெண்கள் சென்ற கார் பாலத்திலிருந்து ஆற்றில் கவிழ்கிறது. சில மணி நேரம் கழித்து, மேரி என்ற ஒருத்தி மட்டும் சேறு படிந்த உடலோடு கரையேறுகிறாள். எப்படித் தப்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு யூட்டாவிலுள்ள ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்குச் செல்கிறாள். வழியில் கார்க் கண்ணாடியில் ஒரு வெளிறிய முகம் தெரிகிறது. அவ்வளவுதான். இரத்தம் இல்லை, அலறல் அதிகம் இல்லை.

என்னை உலுக்கிய காட்சி ஒரு துணிக்கடையில் நிகழ்கிறது. மேரி உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வருகிறாள். விற்பனைப் பெண்ணிடம் பேசுகிறாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவுக்கு வருகிறாள், ஒருவரும் அவளைக் காணவில்லை. உலகத்தின் ஓசை முழுவதும் அடங்கிவிடுகிறது. பூங்காவில் ஒரு மரத்தைத் தொட்டு நிற்கும்போது எங்கிருந்தோ ஒரு பறவையின் குரல் கேட்கிறது. உலகம் மீண்டும் அவளைச் சேர்த்துக்கொள்கிறது. இந்தக் காட்சிக்கு என்ன செலவாகியிருக்கும்? ஒலியை நிறுத்துவதற்குப் பணம் வேண்டுமா என்ன? வகுப்பின் கடைசி வரிசையில், பேசினாலும் எவர் காதிலும் விழாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையை அறிந்த எந்த ஆசிரியருக்கும் அந்தக் காட்சி வெறும் பேய்க் காட்சியாகத் தோன்றாது.

இறுதியில் சால்டேர் மண்டபத்தில் இறந்தோர் நடனமாடுகின்றனர், மேரி ஓடுகிறாள். மறுநாள் அவளைத் தேடி வருவோர் மணலில் காண்பது அவளுடைய காலடித் தடங்களை மட்டுமே. அவையும் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. கன்சாஸில் ஆற்றிலிருந்து கார் மேலே இழுக்கப்படுகிறது. உள்ளே மூன்று பெண்களின் உடல்கள். மேரியும் அவற்றுள் ஒருத்தி. அப்படியானால் இத்தனை நாள் ஆர்கன் வாசித்தவள் யார்? வெளிறிய முகத்து மனிதன் அவளுக்கு என்ன உறவு? படம் விடை கூறாமல் முடிகிறது. வாழ்நாளெல்லாம் விளக்கப் படங்களை எடுத்த ஒருவர், மூன்று வார விடுப்பில் எதையும் விளக்காத ஒரு படத்தை எடுத்திருக்கிறார்.

வெளிவந்த காலத்தில் இப்படம் தோல்வியுற்றது. பின்னர் நள்ளிரவுத் தொலைக்காட்சி ஒளிபரப்புகளின் வழியே தனக்கென ஒரு கூட்டத்தைத் தேடிக்கொண்டது. 1989-இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. சால்டேர் மண்டபமோ 1970-இலேயே தீக்கிரையாகிவிட்டது.

1998-இல் இதன் மறுபடைப்பு வெளிவந்தது. திகில் படங்களுக்குப் புகழ்பெற்ற வெஸ் கிரேவன் வழங்குவதாகத் தலைப்பிலேயே பெயர் போட்டுக்கொண்டார்கள். ஆடம் கிராஸ்மன் இயக்கினார். தேவாலயமும் இல்லை, ஆர்கனும் இல்லை. நீரில் மூழ்கும் கார் மட்டும் எஞ்சியது. கதாநாயகியின் சிறுவயதில் அவள் தாயைக் கொன்ற ஒரு கோமாளி வேடக்காரன் புதிதாகச் சேர்க்கப்பட்டான். அவள் காணும் கொடுங்காட்சிகளுக்கெல்லாம் அவனே காரணம் என்று ஆகிவிட்டது. மூலப்படம் நம் கையில் ஒப்படைத்துச் சென்ற கேள்விக்கு, கேட்காமலேயே விடை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விடை கிடைத்தவுடன் அச்சம் போய்விட்டது. பார்த்து முடித்து விளக்கை அணைத்தேன்; நன்றாகத் தூங்கினேன். ஒரு பேய்ப் படத்துக்கு இதைவிடப் பெரிய தோல்வி உண்டா?

இதே நோய் வேறு படங்களையும் பீடித்திருக்கிறது. ஜான் கார்ப்பென்டர் 1978-இல் ஏறத்தாழ 3 லட்சம் டாலர் செலவில் எடுத்த ‘ஹாலோவீன்’ படத்தில், மைக்கேல் என்ற ஆறு வயதுச் சிறுவன் தன் அக்காளைக் கொல்கிறான். ஏன் என்று படம் சொல்வதில்லை. வளர்ந்தபின் அவன் அணியும் முகமூடி, ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமூடியை மலிவு விலைக்கு வாங்கி வெள்ளை பூசியது. நடிகர் பட்டியலில்கூட அவனுக்கு ‘உருவம்’ என்றே பெயர். 2007-இல் ராப் ஸோம்பி இதை மீண்டும் எடுத்தபோது, அச்சிறுவனின் இளமைக்காலத்தை நீட்டி விரித்துக் காட்டினார். சீர்கெட்ட குடும்பம், தாயோடு வாழும் ஆடவனின் வசைமொழி, பள்ளியில் சக மாணவர்களின் தொல்லை; ஆகவே அவன் கொலைகாரன் ஆனான் என்பது கணக்கு.

இங்கே என் மனம் இரண்டு முறை நொந்தது. முதலாவது, கதையின் அச்சம் கெட்டது. இரண்டாவது, அந்த விளக்கம் மலிவானது. தவறு செய்யும் பிள்ளையின் பின்னணியைத் தேடிப் பார்ப்பது ஆசிரியரின் கடமை; அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அத்தகைய வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் பார்க்கிறேன். காலையில் தம்பியைக் குளிப்பாட்டிச் சீருடை அணிவித்து, தானும் பசியோடு பள்ளிக்கு வந்து, யாரையும் கடிந்து பேசாமல் இருக்கும் பிள்ளைகள் அவர்களுள் உண்டு. துன்பத்தில் வளர்ந்தவன் கொடியவன் ஆவான் என்ற சூத்திரம் அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி. காரணம் சொல்லாத பழைய படம் அந்த அநீதியைச் செய்யவில்லை.

ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) வேறொரு பாடம். பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சேர்ந்து, சுமார் 1,14,000 டாலரில் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. சாக்லேட் பாகே இரத்தமாகப் பயன்பட்டது. இரவெல்லாம் பிணங்களோடு போராடி உயிர் பிழைத்த கறுப்பின நாயகன் பென், காலையில் காப்பாற்ற வந்தவர்களாலேயே நடமாடும் பிணம் என்று எண்ணிச் சுடப்படுகிறான். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில் அந்த முடிவைக் கண்ட அமெரிக்கர்களுக்கு எவரும் பொருள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விநியோகத்தின்போது தலைப்பை மாற்றியதில் பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போனதால், அப்படம் பொதுச்சொத்தாகி, எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய பணம் சேராமற் போயிற்று. அந்த இழப்பை ஓரளவாவது ஈடுசெய்வதும் 1990-இல் வந்த மறுபடைப்பின் நோக்கங்களுள் ஒன்று. திரைக்கதையை ரொமேரோவே எழுத, டாம் சவினி வண்ணத்தில் இயக்கினார். மூலத்தில் செயலிழந்து அமர்ந்திருந்த பார்பராவைத் துணிவுமிக்க பெண்ணாக மாற்றியது பாராட்டத்தக்கது. ஆயினும் இம்முறை பென் நடமாடும் பிணமாகவே மாறியபின் சுடப்படுகிறான். பழைய முடிவிலிருந்த நெருப்பு அணைந்துவிட்டது. படைத்தவரே திரும்பி வந்தாலும் சில கதைகள் இரண்டாம் முறை கைகூடுவதில்லை.

மறுபடைப்பே தவறு என்பது என் கருத்தன்று. வான்மீகியைக் கம்பர் தமிழில் மீண்டும் பாடியதைப் போற்றும் மரபில் வந்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. திகில் படங்களிலும் நல்ல சான்று உண்டு. 1956-இல் சிக்கனமாக எடுக்கப்பட்ட ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ படத்தை 1978-இல் பிலிப் காஃப்மன் மீண்டும் எடுத்தார். சிற்றூர்க் கதையைச் சான் பிரான்சிஸ்கோ மாநகருக்குக் கொண்டுவந்து, அண்டை வீட்டாரையே அறியாத நகர வாழ்வின் அச்சத்தை அதில் ஏற்றினார். அவரிடம் தம் காலத்துக்குரிய புதிய கேள்வி ஒன்று இருந்தது. தோற்றவர்களிடம் பழைய கேள்விக்கான விடை மட்டுமே இருந்தது.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப் படுகிறது? நான் வளர்ந்த தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு மின்சாரம் நின்றுவிடும். பாட்டி பாயில் சாய்ந்தபடி கதை சொல்வார். விடியற்காலையில் பால்வெட்டப் போன ஒருத்தி, தன் நிரையில் ஏற்கெனவே யாரோ வெட்டி முடித்திருப்பதைக் கண்டாளாம். மங்கிலே பால் நிரம்பியிருந்ததாம். “யாரு பாட்டி வெட்டுனது?” என்று கேட்டால், “யாருக்குத் தெரியும், படு” என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்தப் பெண் யார் என்று நான் பல இரவுகள் எண்ணிக் கிடந்திருக்கிறேன். சென்ற மாதம் இறந்துபோன பால்வெட்டுக்காரியா? தன் தோழிக்கு உதவ வந்தவளா? கதையை முடித்து வைக்கும் பொறுப்பைப் பாட்டி என்னிடம் விட்டுவிட்டார். கற்பனை செய்ய நான் கற்றுக்கொண்டது அங்கேதான். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் அன்று.

இன்று வகுப்பில் நாம் பெரும்பாலும் 1998-ஆம் ஆண்டுப் படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு கதையைப் படித்து முடித்த மறு நொடியே கருப்பொருள், படிப்பினை என்று வெண்பலகையில் எழுதிவிடுகிறோம். தேர்வுக்கு அது தேவை என்பதை நான் அறியாதவளல்லள். ஆயினும் கதைக்கும் படிப்பினைக்கும் இடையே ஒரு நாளாவது இடைவெளி விடலாமே!

படத்தின் பெயரைச் சொல்லாமல், அச்சமூட்டும் பகுதிகளையும் நீக்கிவிட்டு, மணலில் நின்றுபோன காலடித் தடங்களை மட்டும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சியாகக் கொடுத்தேன். “விடை என்ன டீச்சர்?” என்று உடனே கேட்டார்கள். விடை என்னிடம் இல்லை என்றேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. வேற்றுக்கோள் வாகனம் வந்து தூக்கிச் சென்றதாகப் பலர் எழுதினர். வகுப்பில் அதிகம் வாய் திறவாத ஒரு மாணவி மட்டும், தேடி வந்தவர்கள் மிதித்து மிதித்து மீதித் தடங்களை அழித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். மூன்றே வரிகள், இரண்டு எழுத்துப் பிழைகள். பிழைகளைத் திருத்தினேன், கூடுதலாக எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்த நோட்டுப் புத்தகத்தை ஆசிரியர் அறையில் இருந்த எல்லோரிடமும் காட்டினேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இங்கே குறிப்பிட்ட படங்கள் பெரியவர்களுக்கானவை. பிள்ளைகளை அமர்த்திக் காட்டிவிடாதீர்கள். ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ இன்று பொதுச்சொத்து. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பிள்ளைகள் உறங்கியபின் 80 நிமிடம் ஒதுக்கினால் போதும். பிள்ளைகளுக்கு நீங்களே ஒரு கதையைச் சொல்லுங்கள். முடிவில் “ஏன்?” என்று கேட்டால், உடனே பதில் சொல்லிவிடாமல், “உனக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். பதில் அன்றிரவே வராமல் போகலாம். மறுநாள் பள்ளிக்குச் செல்லும் வழியில் காரின் பின்னிருக்கையிலிருந்து வரக்கூடும்.