சுவரும் மூச்சுவிடும்

கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டை அடுத்த பழைய செங்கல் வீடொன்றின் கீழ்த்தளத்தில் நாங்கள் வாழ்கின்றோம். எந்தையார் வாங்கி விட்டுச் சென்றது. அதன் குளியலறைச் சுவரே எங்கள் ஓயாத கவலை. மழைக்காலத்தில் இடுப்பளவு ஈரம் ஏறும், வெண்மையாய் உப்புப் பூக்கும், பூச்சு உதிரும். வங்காளிகள் இதனை ‘நோனா’ என்பர்.

சில ஆண்டுகளுக்கு முன் சிமெண்டு பூசி, எனாமல் வண்ணமும் அடித்தோம். பளபளத்த சுவரை ஊரிலிருந்து வந்த உறவினர் வியந்தனர், எங்களுக்கும் பெருமைதான். இரண்டு மழைக்காலம் சென்றது. ஒருநாள் அன்னையார் நீராடுகையில் அப்பூச்சு பாளமாகப் பெயர்ந்து, அவர் தோளை உரசி விழுந்தது. காயம் சிறிது; எங்கள் நாணமோ பெரிது.

இம்முறை வைப்புநிதியில் முன்பணம் பெற்றோம். மகளின் கல்லூரிப் படிப்பிற்கென எண்ணியிருந்த பணம்; மறுபடியும் தவறிழைக்க இடமில்லை. இல்லத்தரசியார் தரைமுதல் கூரைவரை டைல்ஸ் வேண்டுமென்றார். முதிய வங்காளிக் கொத்தனார் தலையசைத்து மறுத்தார். சுண்ணாம்பும் செங்கற்பொடியாகிய சுர்க்கியும் கலந்து கட்டிய சுவர் இது. நிலத்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் உலர்த்தும். சிமெண்டால் மூடினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலும் உயரும் என்றார்.

மகள் மொழிபெயர்க்கக் கேட்ட அன்னையார், “வேர்க்கிற ஒடம்புக்கு ரப்பர் சட்டை போட்டா என்னடா ஆகும்? நம்ம கும்பகோணத்து வீட்டுல சுண்ணாம்போட கடுக்காயும் வெல்லமும் சேர்த்துத்தானே பூசினா!” என்றார். வெல்லம் என்பதை மகள் ‘குர்’ என்றதும் கொத்தனார் முகம் மலர்ந்தது. மொட்டைமாடித் தளம் போட அவர் தந்தையும் அதனைக் கலப்பாராம். மொழியறியா இருவரும் சுண்ணாம்பால் உறவாயினர்.

முடிவு எளிதாயிற்று. ஈரம் ஏறாத உட்சுவர்ப் பக்கம் குழாயை மாற்றி, அங்கு மட்டும் ஐந்தடி உயரம் டைல்ஸ். ஏனைய சுவர்களில் சிமெண்டைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்புப் பூச்சு. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றே அது மெல்லக் கெட்டிப்படும். ஆகவே சில வாரங்கள் அண்டை வீட்டாரின் குளியலறையே எங்களுக்கு அடைக்கலம்.

ஈரம் அறவே நீங்கிற்றென்று சொல்லோம். உப்புச் சிறிது பூக்கத்தான் செய்கிறது. துடைப்பத்தால் தட்டிவிட்டு, ஆண்டுதோறும் வெள்ளையடிக்கின்றோம். பார்ப்போர் வியக்கும் பளபளப்பு இன்று இல்லை. ஆயினும் அன்னையார், சுவரை அஞ்சி நோக்காமல் நீராடுகின்றார்.