அறுவைக்குப் பின்னும் தொடரும் அமானிதம்



"ஆபரேஷன் முடிந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டனவே ஹஜ்ரத், இன்னும் எதற்கு மாத்திரை?" என்று விழிதியூரில் எம்மிடம் கேளாதவர் குறைவு. மதரஸாப் பிள்ளைகளின் பெற்றோரும் ஜமாஅத்துப் பெரியவர்களும் அன்பினால்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிவரும் விடையையே இங்கு எழுதுகிறோம்.

எமக்குப் பிறவியிலேயே பெருந்தமனியில் குறுக்கம் இருந்தது. இதயத்திலிருந்து புறப்படும் இப்பெருங்குழாய், தலைக்கும் கைகளுக்கும் கிளைகளை அனுப்பிவிட்டுக் கீழே இறங்குகிறது. இறங்கும் இடத்தில்தான் அந்தக் குறுக்கம். மதகு அடைபட்டால் மேலே நீர் ஏறுவதும் கடைமடை காய்வதும் காவிரிக் கடைமடையில் வாழும் நாம் அறிந்ததே. அதுபோலவே கைகளிலும் தலையிலும் இரத்த அழுத்தம் ஏறும்; கால்களில் நாடி மெலியும்.

1944 அக்டோபரில் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் என்ற மருத்துவர் இக்குறுக்கத்தை முதன்முதலில் வெட்டி நீக்கி, குழாயின் இரு முனைகளையும் இணைத்தார். அதற்கு முன் இக்குறையோடு பிறந்தோரில் பலர் நடுவயதைக் காணவில்லை. அந்த அறிவை மனிதனுக்கு அருளிய இறைவனுக்கே புகழனைத்தும். எமக்கு ஒரு வயது நிரம்புமுன் அறுவை நடந்தது. இடக்கைக்குச் செல்லும் தமனியை அறுத்து மடித்து, அதைக் கொண்டே குறுகிய இடத்தை அகலப்படுத்தினார்கள். ஆகவே எமது இடக்கை சற்று மெலிந்தது. அதன் நாடியும் மெல்லியது.

குறுக்கம் நீங்கியபின் அழுத்தம் ஏன் நீங்கவில்லை? தைத்தது ஓரிடத்தைத்தான், இரத்தக் குழாய்கள் பலருக்கு இயல்பிலேயே விறைப்பானவை. அழுத்தத்தை அறிந்து கட்டுப்படுத்தும் நரம்புகளும் உயர்ந்த அளவுக்கே பழகியிருக்கக்கூடும். சிலருக்குத் தைத்த இடமே மீண்டும் குறுகும். எனவே நன்றாக நடந்த அறுவைக்குப் பின்னரும், பல்லாண்டு கழித்துக்கூட அழுத்தம் உயரலாம். வலியோ மயக்கமோ இராது. ஆனால் உள்ளே இதயமும் மூளையும் சிறுநீரகமும் தேய்ந்துகொண்டிருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு மருத்துவ முகாமில் எமது இடக்கையில் பட்டையைக் கட்டி, "118/76. மாத்திரையே வேண்டாம் போலிருக்கிறதே" என்றார்கள். அருகிலிருந்தோர் அல்ஹம்துலில்லாஹ் என்றனர். நாம் சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டி, வலக்கையிலும் அளக்குமாறு வேண்டினோம். 152/92 என்று வந்தது. அளந்த பிள்ளை சற்று நேரம் பேசவில்லை. பிறகு எமது சீட்டில், "வலக்கையில் மட்டும் அளக்கவும்" என்று பெரிதாக எழுதித் தந்தார். அதை எடுத்துக்கொண்டு இதய மருத்துவரிடம் சென்றோம். காலிலும் அழுத்தம் பார்த்தார். கையைவிடக் காலில் 20 அளவுக்குக் குறைந்திருந்தால் மீண்டும் குறுக்கம் வந்திருக்கலாம் என்று விளக்கினார். ஸ்கேனில் அப்படி ஏதுமில்லை. மருந்தின் அளவை மட்டும் உயர்த்தினார்.

பிள்ளைக்கு இந்த அறுவை செய்த பெற்றோரே, "குணமாகிவிட்டது" என்று கோப்பை மூடிவிடாதீர்கள். எந்த முறையில் அறுவை நடந்தது என்ற தாளைப் பத்திரப்படுத்துங்கள். வாழ்நாள் முழுதும் இதய மருத்துவரின் பார்வையில் வையுங்கள். பெண்பிள்ளையாயின் கருவுறுவதற்கு முன்னரே மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். கருவாடும் ஊறுகாயும் நம் கடற்கரைச் சமையலின் சுவைதான். ஆயினும் ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் நிற்கட்டும். ரமலானில் மாத்திரையைத் தாமாக விட்டுவிடலாகாது. ஸஹரிலா இஃப்தாரிலா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். அவர் நோன்பு வேண்டாம் என்றால், நோயாளி வேறு நாட்களில் நோற்க அல்பகரா அத்தியாயத்தின் 185ஆம் வசனம் இடமளிக்கிறது.

தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டியபின் இறைவனிடம் ஒப்படைப்பது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். நாள்தோறும் காலையில் விழுங்கும் அந்த மாத்திரையே எமது கயிறு. வல்ல இறைவன் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.