கர்மா என்று ஒரு கார்

காருக்குப் பெயர் வைப்பது குழந்தைக்குப் பெயர் வைப்பதைவிடக் கஷ்டம். குழந்தைக்குத் தாத்தா பெயரை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். காருக்கு அது முடியாது. குதிரை, காற்று, நட்சத்திரம் என்று நல்ல பெயர்களையெல்லாம் ஏற்கெனவே யாராவது எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கலிஃபோர்னியாவில் ஒருவர் தன் காருக்கு 'கர்மா' என்று பெயர் வைத்தார். நம் ஊரில் யாருக்கும் அந்தத் தைரியம் வராது. வண்டி நடுரோட்டில் நின்றால், "கர்மம், கர்மம்" என்று தலையில் அடித்துக்கொள்கிற ஜனங்கள் நாம். அமெரிக்காவில் அந்த வார்த்தை யோகா கிளாஸ் வழியாகப் போய்ச் சேர்ந்தது. நல்லது செய்தால் நல்லது திரும்பி வரும் என்கிற இனிப்பான பாதி மட்டும் அங்கே போயிருக்கிறது. மற்ற பாதியை அந்தக் கார் பிற்பாடு கற்றுக்கொண்டது.

பெயர் வைத்தவர் ஹென்ரிக் ஃபிஸ்கர். டென்மார்க்கில் பிறந்த கார் டிசைனர். லேசுப்பட்ட ஆள் இல்லை. பி.எம்.டபிள்யூவின் இசட்8 அவர் வரைந்தது. ஆஸ்டன் மார்ட்டினில் டிபி9 காரிலும் வி8 வான்டேஜிலும் அவர் கை உண்டு. காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்கூட நின்று திரும்பிப் பார்க்கிற வண்டிகள். 2007ல் அவர் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தார். 2008 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் கர்மாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். நீளமான மூக்கு, தாழ்ந்த கூரை, 22 இஞ்ச் சக்கரங்கள். சுற்றுச்சூழல் காக்கும் கார் என்றால் சோப்பு டப்பா மாதிரிதான் இருக்க வேண்டும் என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். இது சினிமா ஹீரோ ஏறி இறங்குகிற கார் மாதிரி இருந்தது.

ப்ளக்-இன் ஹைபிரிட் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி வீட்டில் செல்போனைப் போல சார்ஜ் போட்டு வைக்க வேண்டும். காலையில் பேட்டரியிலேயே ஓடும். பேட்டரி தீர்ந்தால் பெட்ரோல் இன்ஜின் விழித்துக்கொள்ளும். கர்மாவில் இந்த இன்ஜின் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் மாதிரி கரன்ட் மட்டும் தயார் செய்து மோட்டாருக்குக் கொடுக்கும். வழியில் கரன்ட் தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். நல்ல யோசனைதான், அதில் சந்தேகமில்லை.

அதை விற்ற விதம் இன்னும் நல்ல யோசனை. காருக்குள் பதித்த மரத்துக்காக ஒரு மரத்தையும் வெட்டவில்லை என்றார்கள். காட்டுத்தீயில் விழுந்தது, மிச்சிகன் ஏரியின் அடியில் முழுகிக் கிடந்தது என்று பொறுக்கி எடுத்த மரம். ஒரு பெயின்டில் பழைய கண்ணாடியின் தூள் கலந்திருந்தது. பசு, எருமை எதையும் தொந்தரவு செய்யாமல், தோலே இல்லாத ஸீட்டும் உண்டு. கூரை முழுக்க சோலார் தகடு. அந்தத் தகடு வருஷம் முழுக்க வெயிலில் காய்ந்தாலும் சில நாள் ஓட்டத்துக்குத்தான் காணும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்ட அது போதும். பணக்காரன் என்றும் தெரிய வேண்டும், நல்லவன் என்றும் தெரிய வேண்டும். அந்த இரண்டு ஆசையையும் ஒரே சாவியில் கோர்த்துக் கொடுத்தார் ஃபிஸ்கர்.

முன்பணம் வந்தது. முதலீடு வந்தது. தனியார் பணம் மட்டும் 100 கோடி டாலருக்கு மேல். 2009 செப்டம்பரில் அமெரிக்க அரசாங்கம் 52.9 கோடி டாலர் கடன் தருவதாகச் சொன்னது. முதல் கார்களில் ஒன்று நடிகர் லியனார்டோ டிகாப்ரியோவுக்குப் போனது. பாடகர் ஜஸ்டின் பீபருக்கு 18வது பிறந்தநாள் பரிசாக டி.வி. நிகழ்ச்சியிலேயே ஒரு கர்மா கிடைத்தது.

2012 கோடையில் நான் மகள் வீட்டுக்கு, சான்ஹோசே பக்கம் போயிருந்தேன். காய்கறி வாங்கப் போன இடத்தில், கார் நிறுத்துமிடத்தில் ஒரு கர்மா நின்றது. வெயிலில் தங்கப்பழுப்பாக மின்னியது. நான் கண்ணாடி வழியாக எட்டிப்பார்ப்பதைக் கண்டு சொந்தக்காரர் வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். சந்தோஷமாகக் கதவைத் திறந்து காட்டினார். "ஒவ்வொரு சிக்னலிலும் யாராவது இது எந்த ஊர் காரென்று கேட்கிறார்கள்" என்றார். டிக்கியைத் திறக்கச் சொன்னேன். தாம்பூலப் பைகள் தாராளமாக வைக்கலாம், கல்யாண வீட்டுக்காரரின் பெட்டியை வைக்க முடியாது. நடுமுதுகெலும்பு மாதிரி பேட்டரி ஓடுவதால் உள்ளேயும் இடம் குறைவு. ஏறக்குறைய 5 மீட்டர் நீளமும் 2,400 கிலோ எடையும் உள்ள இந்த ராட்சசனை அமெரிக்க அரசின் கணக்குப் புத்தகம் சின்னக் கார்களின் வரிசையில் சேர்த்திருந்தது. அந்த வரிசை உட்கார இருக்கும் இடத்தை அளந்து போடுவது.

அவர் கிளம்பினார். இன்ஜின் சத்தமில்லாத கார் என்பதால் நடப்பவர்களை எச்சரிக்க, வெளியே ஸ்பீக்கர் வைத்து ஒரு ஹூங்காரம் எழுப்புகிறார்கள். அதைக் கேட்டபோது எங்கள் பழைய ஃபோர்மேன் ஞாபகம் வந்துவிட்டது.

நான் இளவயதில் கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கொஞ்சநாள் குப்பை கொட்டியவன். புது மாடல் வந்தால் பெயின்ட் அடித்து, மாலை போட்டு, போட்டோ எடுக்க மேலிடத்திலிருந்து ஆள் வந்துவிடும். ஃபோர்மேன் பம்பை மறித்துக்கொண்டு நிற்பார். "தம்பி, அது தண்ணி எடுக்கட்டுங்க. அப்பறமா போட்டோ எடுத்துக்கலாம்." எட்டு மணி நேரம் ஓடவிட்டு, வாஷர் கசிகிறதா, நட்டு தளர்கிறதா என்று தடவித் தடவிப் பார்ப்பார். அவருக்கு மாலையும் கிடையாது, போட்டோவும் கிடையாது.

கர்மாவுக்கு அந்த ஃபோர்மேன் அமையவில்லை என்றுதான் அதன் கதையைப் படிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. 2009லேயே வரவேண்டிய கார், 2011ல்தான் வாங்கினவர்கள் கைக்கு வந்தது. 80 ஆயிரம் டாலர் என்று சொல்லியிருந்த விலை, 2012ல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பேட்டரியில் மட்டும் 80 கிலோமீட்டர் ஓடும் என்று சொன்னார்கள். அரசாங்கம் சோதித்தபோது 51தான் வந்தது. இன்ஜின் ஓடும்போது லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர்.

இதெல்லாம்கூடப் பெரிய இடத்துப் பிள்ளையின் சின்னக் குறை என்று விட்டுவிடலாம். படுத்தியது உதிரி சாமான்கள். 2011 டிசம்பரில் 239 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். காரணம், பேட்டரியைக் குளிரவைக்கும் குழாயின் கிளிப் சரியாக உட்காரவில்லை. 2012 மார்ச்சில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை சோதனைக்காகச் சொந்தக் காசு 1,07,850 டாலர் போட்டு ஒரு கர்மா வாங்கியது. 200 மைல்கூட ஓடியிருக்காது, அவர்கள் சோதனை மைதானத்திலேயே உயிரை விட்டது. லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். பேட்டரி செய்து கொடுத்த ஏ123 என்ற கம்பெனி தோண்டிப் பார்த்தது. அதன் மிச்சிகன் தொழிற்சாலையில் ஒரே ஒரு வெல்டிங் மெஷினில் அளவு பிசகியிருந்தது. பேட்டரிகளை மாற்றித் தர ஐந்தரைக் கோடி டாலர் ஆகும் என்றார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு கார் கலிஃபோர்னியாவில் தீப்பிடித்தது. குளிர்விக்கும் சின்ன ஃபேனில் கோளாறு. இருந்த கார்களையெல்லாம் அழைத்து ஃபேனை மாற்ற வேண்டியதாயிற்று.

ஒரு கிளிப், ஒரு வெல்டிங் மெஷின், ஒரு ஃபேன். ஃபிஸ்கர் வரைந்த கோட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் இன்ஜின் ஜெனரல் மோட்டார்ஸுடையது, பேட்டரி ஏ123யுடையது, காரைப் பூட்டியது பின்லாந்தில் வால்மெட் என்ற கம்பெனி. எல்லாம் வெளியிலிருந்து வந்தால் செலவு குறைவு, வேகம் அதிகம் என்பது கணக்கு. எங்கே பிசகினாலும் பழி மட்டும் மூக்கில் பெயர் உள்ளவனுக்கு.

அப்புறம் எல்லாமே சரசரவென்று சரிந்தது. சொன்ன கெடுக்களைத் தவறவிட்டதால் 2011லேயே அரசாங்கம் கடனை 19.2 கோடியோடு நிறுத்தியிருந்தது. 2012 அக்டோபரில் ஏ123 திவால். அதே மாதக் கடைசியில் சாண்டி புயல். நியூஜெர்சி துறைமுகத்தில் நிறுத்தியிருந்த 300க்கும் மேற்பட்ட கர்மாக்கள் கடல்தண்ணீரில் முழுகின. அதில் 16 எரிந்தும் போயின. மொத்தமாகத் தயாரானதே சுமார் 2,450 கார்கள்தான். 2013 மார்ச்சில் ஃபிஸ்கரே ராஜினாமா செய்தார். ஏப்ரலில் ஊழியர்களில் நாலில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நவம்பரில் திவால். அரசாங்கத்துக்கு நஷ்டம் 13.9 கோடி டாலர்.

இதே சமயம், இதே அரசாங்கத்திடம் 46.5 கோடி டாலர் வாங்கிய டெஸ்லா, 2013 மே மாதமே கெடுவுக்கு முன்னால் முழுக்கத் திருப்பிக் கட்டிவிட்டது. இரண்டு கம்பெனிக்கும் பழைய தகராறு உண்டு. தங்களுக்கு டிசைன் செய்ய வந்துவிட்டு ஃபிஸ்கர் யோசனையைத் திருடிக்கொண்டார் என்று டெஸ்லா 2008ல் வழக்குப் போட்டது. தீர்ப்பு ஃபிஸ்கர் பக்கம் வந்தது. கேஸில் ஜெயித்தவர் கடையை மூடினார், தோற்றவர் காரைச் செய்தார். டெஸ்லாவிலும் சொதப்பலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேட்டரிப் பெட்டியைத் தாங்களே செய்தார்கள். பிசகினால் ஓடிப்போய்ப் பார்க்க மெஷின் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். கர்மாவின் விஷயத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது. டெலவேர் மாநிலத்தில் வில்மிங்டன் பக்கம் பாக்ஸ்வுட் ரோட்டில் ஜெனரல் மோட்டார்ஸின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1947லிருந்து ஓடியது. 2009 ஜூலையில் மூடினார்கள். அடுத்த அக்டோபரில் அன்றைய துணை ஜனாதிபதி ஜோ பைடன் அங்கே வந்து, ஃபிஸ்கர் தன் அடுத்த காரை, விலை குறைந்த காரை, இங்கேதான் செய்யப்போகிறார், 2,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார். பைடனுக்கு அது சொந்த மாநிலம். மாநில அரசும் தன் பங்குக்குப் பணம் கொடுத்தது. வேலை போன மனிதர்கள் அந்த அறிவிப்பை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டை விற்காமல், ஊரை விட்டுப் போகாமல், இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்.

அந்தத் தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு ஒரு கார்கூட வெளியே வரவில்லை. 2012 பிப்ரவரியில், இருந்த கொஞ்சம் பேரிலும் 26 பேரை நிறுத்தினார்கள். பிறகு கட்டடத்தையே இடித்தார்கள். இன்றைக்கு அங்கே அமேசானின் கிடங்கு நிற்கிறது. கார் பூட்டிய இடத்தில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறார்கள்.

கர்மாவை 2014ல் சீனாவின் வான்ஷியாங் கம்பெனி 14.92 கோடி டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. ஏ123யையும் அதற்கு முன்பே அதுதான் வாங்கியிருந்தது. கொஞ்சம் பட்டி பார்த்து 2016ல் 'ரெவேரோ' என்று மறுபடி வெளியிட்டார்கள். அதாவது கர்மாவுக்கு மறுபிறவி. இந்த இடத்தில் மட்டும் பெயர் பொருந்தியது.

ஃபிஸ்கரும் சும்மா இருக்கவில்லை. 2016ல் புதுசாக இன்னொரு கம்பெனி. 2023ல் 'ஓஷன்' என்று முழு எலெக்ட்ரிக் கார். அதுவும் அழகு. அதையும் வேறொருவர் தொழிற்சாலையில்தான் செய்தார்கள். 2024 ஜூனில் அந்தக் கம்பெனியும் திவால். இந்தக் கால கார் பாதி கம்ப்யூட்டர். கம்பெனி போனால் சாஃப்ட்வேரைத் திருத்த ஆள் இல்லை, கதவுக் கைப்பிடி உடைந்தால் மாற்ற சாமான் இல்லை. ஓஷன் வாங்கிய ஆயிரக்கணக்கானவர்கள் சங்கம் அமைத்து, சாமான் தேடி, தாங்களே தங்கள் கார்களை உயிரோடு வைத்துக்கொள்ளப் போராடினார்கள். ஃபோர்மேன் வேலையைக் காசு கொடுத்தவர்களே பார்க்க வேண்டி வந்தது.

எலெக்ட்ரிக் கார் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது வரத்தான் போகிறது, வரவும் வேண்டும். புகை நடுவே பேசும் மேடையில் திரை விலகி ஒரு புதுக் கார் திரும்பித் திரும்பி நிற்கும்போது எனக்கும் கை தட்டத்தான் தோன்றுகிறது. முன்பணம் கட்டுவதாக இருந்தால் மட்டும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த பேட்டரியைச் செய்தவர் யார்? நின்றுபோனால் எந்த ஊருக்கு இழுத்துப்போக வேண்டும்? கம்பெனி இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள்? பதில் சொல்லாமல் கூரையில் இருக்கும் சோலார் தகட்டைக் காட்டினால், அழகாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.